பெயர் அழிந்த குப்பிகள்

ஆய்வகம், மார்ச் 11, காலை 9.40. கொன்ற எலிகள் இருபத்துநான்கு.

அன்புள்ள அம்மா, நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

உடலுக்குள் வரும் சேதியை வாங்கிக்கொள்ளும் ஏற்பி என்ற புரதத்தின் மரபணு எலியின் எந்த உறுப்பில் வேலை செய்கிறது என்று பார்க்க, மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் அரைத்துத் தனித்தனிக் குப்பிகளில் வைத்தேன். அவசரத்தில் சாதாரணப் பேனாவால் பெயர் எழுதியிருந்தேன். ஸ்பிரிட் கொட்டி எல்லாம் அழிந்துவிட்டது. அரைத்த பிறகு எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

பேராசிரியர் எல்லார் முன்னாலும், "எலிக்குள்ள மூளையைத் தேடினது போதும் தம்பி, உன் தலையில இருக்கான்னு பாரு. ஊருக்குப் போக லீவு கிடையாது, திரும்பப் பண்ணு" என்றார். நானும் சிரித்துவைத்தேன்.

புது எலிகள் ஏப்ரல் 2 அன்றுதான் வருகின்றன. அப்பாவின் வயிற்று ஆபரேஷனும் அன்றுதான். விமான டிக்கெட் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்.

இனி நான் செய்யப்போவது:

1. அழியாத மைப் பேனா வாங்குவேன்.
2. அன்று காலை இன்னும் இருபத்துநான்கைக் கொல்வேன். போன் லாக்கரில் இருக்கும்.
3. மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுவேன். நீ எடுக்காதே, அப்பாவே எடுக்கட்டும்.