நடுவில் விட்ட வெள்ளை

பேனர் கடையிலிருந்து வந்த சுருளைப் பிரித்ததும் புதுச் சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. விரித்துப் பார்த்தவுடன் உனக்குப் போன் செய்யக் கை போய்விட்டது. நீ போய்ச் சில வாரங்கள் ஆகிவிட்டன என்பது அப்புறம்தான் உறைத்தது.

உன் நினைவுக் கூட்டத்துக்காக நம் மாதர் சங்கக் கொடியைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு நீல வட்டங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடுப்பகுதியை நாம் வெள்ளையாக விட்டிருந்தோம். இவர்கள் அதையும் நீலத்தால் அடைத்துவிட்டார்கள். பார்க்க ஒரு நீல நிலக்கடலை!

காஜா பெராங்கில் உங்கள் வீட்டு முன்னறையில், மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்காக அதை வரைந்தோம். டவுன் பெண்களுக்கு ஒரு வட்டம், எஸ்டேட் பெண்களுக்கு ஒரு வட்டம். சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, இடது வட்டத்தை நான் வலக்கையால் போட்டேன். வலது வட்டத்தை நீ இடக்கையால் போட்டாய். என் பென்சில் ஒரு பக்கமாகச் சுற்றியது, உன்னுடையது எதிர்ப்பக்கமாக. அந்தக் கைக்காகக் கான்வென்ட்டில் நீ வாங்கிய ரூலர் அடிகளை நினைத்தால் இன்றும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. "வட்டம் சரியாகத்தானே இருக்கு, சிஸ்டர்?" என்று கேட்டாய். தப்பான பக்கம் சுற்றினால் தப்புதான் என்று சொல்லி மறுபடியும் அடித்தார்.

அன்றைய தலைவியம்மாவுக்கும் அந்த வெள்ளை பிடிக்கவில்லை. "கொடியில ஓட்டை விழுந்த மாதிரி இருக்கு. நீலத்தையே பூசிடுங்க."

"ரெண்டு பேரும் சேர்ற இடத்துக்கு யாரும் முதலாளி இல்லைங்க," என்றாய். பிரஷைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாய். ஊர்வல நாள் நெருங்கவே அவர்தான் இறங்கி வந்தார்.

இப்போதைய தலைவிக்குப் போன் செய்தேன். "யாரு அக்கா கவனிக்கப் போறாங்க? விடுங்க லா," என்றாள். என் கணவர் இருந்திருந்தால் அவரும் விடச் சொல்லியிருப்பார். இப்போது என்னைத் தடுக்க ஆளில்லை. சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜாலான் பெண்டஹாராவில் இருக்கும் கடைக்கே போனேன்.

"யாரம்மா உன்னை அடைக்கச் சொன்னது?" என்று கணினி முன்னால் இருந்த பெண்ணைக் கேட்டேன்.

"நான் அடைக்கல, ஆன்ட்டி. சாப்ட்வேர் ரூல் அப்படி. ரெண்டு வட்டத்தையும் ஒரே உருவமா சேர்த்திருக்கேன். ரெண்டும் ஒரே பக்கமா சுத்தினா, ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடமும் நிறைஞ்சிடும். ஒண்ணு எதிர்ப்பக்கமா சுத்தினா, ஒண்ணை ஒண்ணு கழிச்சு நடுவுல காலியாயிடும்."

கேட்டாயா? வட்டம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை அந்த இயந்திரம் பார்க்கிறது. எல்லாரும் சிஸ்டர் சொன்ன பக்கமே சுற்றியிருந்தால் நடுவில் திறப்பே இருந்திருக்காது!

"ஆனா வேற ரூலும் இருக்கு, ஆன்ட்டி," என்றாள் அவள். "ஒரு இடம் எத்தனை வட்டத்துக்குள்ள இருக்குன்னு மட்டும் எண்ணும். ஒண்ணுன்னா நீலம், ரெண்டுன்னா காலி. எந்தப் பக்கம் சுத்தினாலும் அதுக்குக் கவலையில்ல. அதைப் போட்டுடவா? ஈசி."

"வேண்டாம். வலது வட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்று."

"எப்படிச் செஞ்சாலும் அச்சுல ஒரே மாதிரிதான் தெரியும்."

"வரைந்தவளுக்கு ஒன்றல்ல. அவள் எப்படிப் போட்டாளோ அப்படியே இருக்கட்டும்."

அவள் சிரித்துக்கொண்டே வட்டத்தைத் திருப்பினாள். நடுவில் வெள்ளை திறந்தது.

உன் கூட்டத்தில் வாசிக்கப்போகும் உரையையும் தலைவி எனக்கு அனுப்பியிருக்கிறாள். நீ யாரையும் எதிர்த்துப் பேசாத பணிவான பெண்மணியாம்! உனக்காகப் பட்ட கோபம் ஒன்றுகூட இன்னும் எனக்கு ஆறவில்லை. இதையும் அதோடு சேர்த்துக்கொண்டேன். அந்த வரியை எடுக்கச் சொன்னேன், முடியாது என்கிறாள். வாசிக்கட்டும். எழுந்து மறுத்துப் பேச வசதியாக, முன்வரிசையில் ஓரத்து நாற்காலியை எனக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன்.