அம்மா வாங்கி வைத்த தட்டு

3 ஜூன், செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பிரிக்ஃபீல்ட்ஸ் ரோடு முழுக்கத் தண்ணீர், ஷூ நனைந்து நாற்றம்.

வியாழக்கிழமை பாலியல் தொல்லைத் தீர்ப்பாயத்தில் என் கேஸ். லாயர் கூடாதாம். நானேதான் பேசணும், மலாயில்.

செய்ய வேண்டியது:
– வாட்ஸப் மெசேஜ் பிரிண்ட், 4 செட்
– ஸ்டோர் ரூமில் நடந்தது: தேதி, நேரம், யார் பார்த்தது
– லீவு (காரணம் "சொந்த வேலை". வேறென்ன எழுத?)

எஸ். எங்கள் கிள்ளான் கிடங்கு மேனேஜர். கோயில் கமிட்டி செயலாளர் வேறு. நாலு வருஷம் வாய் நிறைய 'அண்ணே' என்று கூப்பிட்டேன். இப்போது பெயரை எழுதவும் கை கூசுகிறது. ஆபீசில் புகார் கொடுத்தேன், விசாரித்தார்கள், என்னை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அவரை இல்லை, என்னை! அப்புறம்தான் தீர்ப்பாயம்.

குளியலறையில் பேசிப் பார்த்தேன். ஸ்டோர் ரூம் வரைக்கும் வந்ததும் குழாயைத் திறந்துவிட்டேன்.

4 ஜூன், புதன்

வேலை முடிந்து வந்தால் மேசையில் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஆரஞ்சு, பச்சைச் சேலை. எஸ். மனைவி வந்துவிட்டுப் போனாராம்.

"ஏம்மா வாங்குனீங்க?"

"வீடு தேடி வந்து அழுவுதுடி. வெத்தல பாக்க நீட்டினா வேணாம்னு எப்படிலா சொல்றது? மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடும்."

"வாங்கிட்டா என்ன அர்த்தம்?"

அம்மாவுக்குத் தெரியும். கல்யாணமோ சண்டையோ, நம்மவர்களுக்குத் தட்டு கை மாறினால் பேச்சு முடிந்தது.

"போட்டோ எடுத்தாங்களா?"

"ஒன்னே ஒன்னு."

அவ்வளவு கோபம் எனக்கு. ஆரஞ்சைத் தூக்கி எறியலாம் போல. அம்மா மேல் என்பதுதான் கொடுமை. சாப்பிடவில்லை. பிறகு பசி தாங்காமல் கடையில் மீ கோரிங் நூடுல்ஸ்.

நாளைக்கு அந்தப் போட்டோவைக் காட்டுவார். நிச்சயம் காட்டுவார். கேஸ் அதோடு போச்சா? யாரைக் கேட்பது?

5 ஜூன், வியாழன்

வெயில். அம்மாவும் கூட வந்தார். நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை.

சின்ன ரூம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் தலைவர், மலாய்ப் பெண்மணி. எஸ். பூப்போட்ட பாத்தேக் சட்டையில், நெற்றியில் விபூதி. அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

நினைத்தபடியே போட்டோவை நீட்டினார் எஸ். "குடும்பமாப் பேசி முடிச்சிட்டோம் புவான். எங்க வழக்கம் இது. அவங்க அம்மாவே தட்டு வாங்கிட்டாங்க." மேடம் என்பதற்கு 'புவான்' போட்டு, குழைந்து குழைந்து மலாய்.

வழக்கம் இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்றால் தொலைந்தேன்.

தலைவர் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெற்றிலைத் தட்டு எங்களிலும் உண்டு. பெண் கேட்டு வருவார்கள். பெண்ணைக் கேட்காமல் நாங்கள் பதில் சொல்வதில்லை." என் பக்கம் திரும்பினார். "உங்களைக் கேட்டார்களா?"

"இல்லை புவான்."

"மனுவை வாபஸ் வாங்குகிறீர்களா?"

"இல்லை."

எஸ். ஏதோ சொல்ல வந்தார். உங்கள் முறை வரும், இருங்கள் என்றுவிட்டார் தலைவர். "என்ன நடந்தது? நீங்கள் சொல்லுங்கள்."

சொன்னேன். மலாய் உடைந்தது, பாதி இங்கிலீஷ், ரெண்டு தடவை தண்ணீர். யாரும் அவசரப்படுத்தவில்லை. தீர்ப்பு இன்னொரு நாள்.

வெளியே அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னடி கேட்டாங்க?"

"தட்டு வாங்குறதுக்கு முன்ன என்னைய யாராச்சும் கேட்டாங்களான்னு கேட்டாங்க."

அம்மா பையைத் தோளில் மாட்டினார். லிஃப்ட் பட்டனை அழுத்தினார். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல்:

"இன்னிக்கு வரைக்கும், அவன் என்ன செஞ்சான்னு, நானும் ஒன்ன கேக்கலயேடி."