லேசர் மீட்டருக்குச் சார்ஜ் நிற்கிறது

அக்கா, லேசர் மீட்டருக்குச் சார்ஜ் இறங்காமல் நிற்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம்பமாட்டீர்கள்.

யன்னல்களின் அகலம் உயரம் பார்க்க நான் ஆசைப்பட்டு வாங்கிய, உள்ளங்கையளவு சாமான்தான். இன்று காலை கடையைத் திறந்தபோது மேசையில், சார்ஜ் நிறைந்தால் வரும் பச்சை வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. சார்ஜில் கிடக்கும்போது சிவப்பைத் தவிர வேறு நிறத்தை அது எனக்குக் காட்டியதே இல்லை. கையில் பூட்டின் திறப்போடு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கள் தையல் மெஷின்மேல் போட்ட துணியை நான் இன்னும் எடுக்கவில்லை.

நீங்கள் தைப்பது, நான் அளப்பது என்று பேசித்தான் வெள்ளவத்தையில் இந்தத் திரைச்சீலைக் கடையைத் தொடங்கினோம். லேசர் இருந்தால் அளக்க ஒரு ஆள் போதும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நம்முடையதோ இரண்டாவது யன்னலிலேயே கண்ணை மூடிவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் கைப்பையிலிருந்து மஞ்சள் டேப்பை எடுத்து ஒரு நுனியை என்னிடம் நீட்டுவீர்கள். உங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம், அதை மறைக்கவும் மாட்டீர்கள்.

"அதுக்கும் என்னை மாதிரிக் களைப்பாக்கும். விடு பிள்ளை, இதைப் பிடி."

அதனால் எந்த வீட்டுக்கும் இரண்டு பேராகத்தான் போனோம். தைக்க எவ்வளவு துணி குவிந்து கிடந்தாலும் கூடவே வெளிக்கிட்டுவிடுவீர்கள். வேண்டாம் என்றால், "அது செத்தா டேப்பின்ரை மற்றத் தொங்கலை ஆர் பிடிக்கிறது?" என்பீர்கள்.

வயரை மாற்றிப் பார்த்தேன். சார்ஜரை மாற்றிப் பார்த்தேன். கிராண்ட்பாஸில் உங்களுக்குத் தெரிந்த, மின்சாமான் திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பற்றரியையே மாற்றினோம். பழையபடிதான். மறுபடியும் போனபோது அவர் அதைத் திறந்து சோதித்துவிட்டு, "பற்றரியில ஒரு பிழையும் இல்ல மிஸ். நைட் முழுக்கச் சார்ஜில போடுறீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"ஓம் தம்பி. நான்தானே காலமை முதல் வாறனான். வந்து பாக்கேக்க சிவப்பு லைட் எரியும். என்ரை கண்ணால பாக்கிறனான்."

சத்தியம் செய்யாத குறை. அவரும் பாவம், தலையைச் சொறிந்துகொண்டு திருப்பித் தந்தார்.

இன்று கடற்கரைப் பக்கத்து மாடி வீடொன்றுக்கு அளக்கப் போனேன். வீட்டுக்கார அம்மாவுக்கு நம்மைத் தெரியும். "மற்ற அன்ரி வரேல்லையா?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். எல்லா யன்னலையும் லேசரே அளந்தது. முடிந்த பிறகும் உசாராக இருந்தது. வெளிக்கிடும்போது அந்த அம்மாவும் எங்கோ போக இருந்தார். சுவரில் இருந்த சுவிச்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தார். டக், டக், டக். அந்தச் சத்தத்தில்தான் எனக்கு விளங்கியது, அக்கா.

பின்னேரம் மகளை டியூஷனுக்குக் கூட்டிப்போக, மீட்டரைச் சார்ஜில் போட்டுவிட்டு முதலில் இறங்குவது நான். கடையைப் பூட்டுவது நீங்கள். கொட்டாஞ்சேனையில் உங்கள் பழைய வீட்டில் அயன் சூடேறிக் கிடந்து மேசைத்துணி எரிந்த நாளிலிருந்து, ஒரு சுவிச்சையும் மிச்சம் விட்டு நீங்கள் படியிறங்கியதில்லை. "எல்லாத்தையும் ஓஃப் பண்ணினாத்தான் எனக்கு நித்திரை வரும்" என்பீர்கள். காலையில் வந்ததும் எல்லாவற்றையும் திரும்பப் போடுவீர்கள். அந்தோனியார் படத்து லைட், ஃபேன், அயன், மீட்டர். பிறகு நான் வருவேன். சிவப்பு எரியும். கரண்ட் இல்லாத சுவரில் இரவெல்லாம் சும்மா தொங்கிய சாமானுக்குத்தான் நாம் இரண்டு பேரும் பஸ் ஏறிப் போய் வைத்தியம் பார்த்திருக்கிறோம். நீங்கள் போன பிறகு நேற்றுத்தான் அதை முதல்முறை சார்ஜில் போட்டேன். பூட்டியதும் நான். அந்தச் சுவிச்சை நான் தொடவில்லை.

விழுந்து விழுந்து சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் இப்படித்தான். ஆட்கள் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். நான் பெட்டியின் உள்துணியில் மடிப்புகள் கோணலாகப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என்றால் பிரித்துத் தைத்திருப்பீர்கள்.

பின்னேரம் கடைக்கு வந்து மீட்டரைச் சார்ஜில் போட்டேன். சிவப்பு எரிந்தது. பிழை பிடிபட்டுவிட்டது, இனி ஒழுங்காக வேலை செய்யும், இனி ஒரு ஆள் போதும். கதவடி வரைக்கும் போனேன். பிறகு திரும்பி வந்து ஃபேனை அணைத்தேன், அயனை அணைத்தேன், அந்தோனியாரின் லைட்டையும் அணைத்தேன். மீட்டரின் சுவிச்சில் மட்டும் கை கொஞ்சம் நின்றது. அதையும் அணைத்தேன்.

நாளைக்குப் பெரிய வீடொன்று இருக்கிறது. அங்கே அது பாதியில் கண்ணை மூடும், தெரியும். உங்கள் மஞ்சள் டேப்பை எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். மற்றத் தொங்கலை ஆர் பிடிக்கிறது என்றுதான் இன்னும் தெரியவில்லை, அக்கா.