அடுப்படிக்கு ஒரு பிளக்

அன்புள்ள அம்மாவுக்கு, ஓசூரிலிருந்து தங்கதுரை வணங்கி எழுதுவது. நான் நலம். உன் முட்டிவலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே.

ஞாயிற்றுக்கிழமை பாகலூர் ரோட்டுக் கடையில் நமக்கு ஃப்ரிட்ஜ் பார்த்துவிட்டேன். இதில் ஃப்ரீசர் கீழே இருக்கிறது. "காய், பால் எல்லாம் மேலயே இருக்கும் சார், அம்மா குனியவே வேணாம்" என்றார் கடைக்காரர். காட்டுவதற்காகக் கீழ்க் கதவைத் திறந்தார். மோட்டார் மெல்ல இரையத் தொடங்கியது. குளிர் புகைபோல இறங்கி என் பாதத்தில் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர், "எதுக்கு சார் செருப்பக் கழட்டிட்டீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் பார்த்தேன், வெறுங்காலோடு கைகட்டி நின்றுகொண்டிருக்கிறேன். நல்ல கூத்து, நீயும் சிரித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை ஃப்ரிட்ஜ் வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் எலக்ட்ரீஷியன் பூபதி அண்ணனைக் கூப்பிட்டு அடுப்படியில் புதுப் பிளக் ஒன்று போடச் சொல். இங்கே குளிர் விடமாட்டேன் என்கிறது. அப்பாவின் போர்வையைத் துவைக்காமல் அப்படியே பார்சலில் அனுப்பு.

கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். ஃப்ரிட்ஜைக் கூடத்துப் பிளக்கில் மட்டும் செருகாதே அம்மா. நான் ஊர் வந்து சேரும்வரை அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டி அதில்தான் ஓடியது.