கடைசி வரி

மே 6, 1913
மழை. கடையில் கூட்டமில்லை. இசைக்குறிப்போடு அச்சிட்ட பாட்டுத்தாள் வாங்க வருகிறவர்கள் எந்தத் தாளை நீட்டினாலும் பியானோவில் வாசித்துப் பாடிக் காட்ட வேண்டும். அதுதான் என் வேலை. பாட்டைத் தவிர வேறு பேச்சு வேண்டாம். எனக்கு ஏற்ற வேலை.
ஆள் இல்லாதபோது என் சொந்தப் பாட்டை வாசித்தேன். தன் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடியவனை ஒரு பெண் திட்டுகிற பாட்டு. பேச வாயே திறக்காத நானா இதை எழுதினேன்?

மே 9
ஓர் அம்மாள் அந்தப் பாட்டின் தாளைக் கேட்டாள். அச்சில் வராத பாட்டுக்குத் தாள் ஏது? இல்லையென்று தலையாட்டினேன்.
மேலாளர் பிரௌட் பார்த்துவிட்டார். "விக்காத பாட்ட எதுக்கு வாசிக்கிற? இன்னொரு தடவ என் காதுல விழுந்துது, வேல போயிரும்."

மே 10
மறுபடி வாசித்தேன். பிரௌட்டின் பூட்ஸ் சத்தம். கடைசி வரிக்கு முன்னால் வேறு பாட்டுக்குத் தாவினேன்.
பக்கத்தில் ரிப்பன் விற்கும் டெல்ஃபின் கேட்கிறாள்: "ஏண்டி மின்னா, தொப்பி கிடைச்சுதா இல்லையா? சொல்லித் தொலையேன்!"

மே 14
இன்றும் பூட்ஸ் சத்தம் கேட்டுக் கடைசி வரிக்கு முன்னால் நிறுத்தினேன். பாட்டுத்தாள் அச்சிடும் கம்பெனி ஆள் கெஸ்லர் அதுவரை நின்று கேட்டிருக்கிறார். "யாரோடது இது?"
தாள்களை அடுக்கத் தொடங்கினேன்.
"யாரோடதும் இல்லையா? அப்ப என்னோடது." சிரித்துக்கொண்டே பாட்டை எழுதிக்கொண்டு போய்விட்டார்.
என்னோடதுன்னு ஒரு வார்த்தை— அதுகூட வரலியே! என்ன ஜென்மம் நான்?

மே 15
அந்தப் பாட்டை இன்று வாசிக்கவே இல்லை.

மே 16
கெஸ்லர் திரும்ப வந்தார். "கடைசி வரி என்னம்மா? நீ முடிக்கவே இல்லையே."
கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். "அது என் பாட்டு. என் பேரப் போட்டாத்தான் சொல்லுவேன்." குரல் வந்துவிட்டது.
"அடேங்கப்பா, பேசுவியா நீ?"
"பேசுவா, பேசுவா," என்றாள் டெல்ஃபின். "நீங்க மொதல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார்."
போட்டார். வரியை அவர் காதில் மட்டும் சொன்னேன். டெல்ஃபினுக்குக் கோபம்.

ஆகஸ்ட் 2
இரண்டு பெண்கள் புதுத் தாள் ஒன்றை நீட்டினார்கள். அட்டையில் நீலத் தொப்பி. அதன் கீழே, மின்னா செல்ட்சர்.
"இது உனக்கு வருமா, பொண்ணு?"
பிரௌட் பக்கத்திலேயே நின்றார். "வாசி, வாசி."
முடிவு வரை வாசித்தேன். டெல்ஃபின் ரிப்பனை அளப்பதை நிறுத்திவிட்டாள். தொப்பி என்ன ஆனது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.