பத்து மணித் தேத்தண்ணி

என் அம்மாவுக்கு,

நடுவட்டத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேராக நீ கொழுந்து பறித்த மலைக்குத்தான் வந்தேன். சர்ஜன் பயிற்சி இரண்டு வருடத்தோடு போதும் என்று எழுதிய ராஜினாமாக் கடிதம் பையில் இருக்கிறது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது, ஆனாலும் உன்னிடம் முதலில் சொல்லும் பழக்கம் விடுமா?

தேயிலை விலை விழுந்ததில் எஸ்டேட் பாதி காடாகிவிட்டது. கொழுந்து பறிக்கச் செல்வி சித்தியோடு சேர்த்து எட்டுப் பேர்தான் மிச்சம். பத்து மணிக்குத் தேத்தண்ணிச் சங்கு ஊதியதும் எட்டுக் கூடையும் முதுகிலிருந்து கீழே இறங்கின. நாளைக்கு வேலை உண்டா என்றே தெரியாதவர்களுக்கு உட்காரத் தைரியம் எங்கிருந்து வருகிறது? சித்தியிடம் கேட்டேவிட்டேன்.

"ஒருத்தி தேத்தண்ணிக்கும் நிக்காம கொழுந்து எடுத்தா, நாளைக்கு எல்லாரையும் அப்படித்தானே எடுக்கச் சொல்லுவாங்க புள்ள? புதுசுல நானும் அப்படி எடுத்தவதான். ஒங்கம்மா வந்து என் கூடைய இறக்கி வெச்சு, 'தேத்தண்ணியக் குடிடி மொதல்ல'ன்னா."

லயத்து வீடுகளின் கதை அத்தனையும் என் காதில் கொட்டுவாயே, இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

எங்கள் ஆபரேஷன் தியேட்டரில் எல்லாம் தலைகீழ். இன்று காலை டூட்டிக்குப் போனால் நாளை மாலைதான் வெளியே வருவோம். நடுவில் பசிக்கிறது என்று சொல்லவே கூச்சம். நான் சொன்னதேயில்லை. "இந்தப் பொண்ணு இரும்பு" என்று பெரிய டாக்டர் பாராட்டியபோது எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முந்தின நாளிலிருந்து நிற்பவளின் கை நடுங்காதா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வாரம் என் ஜூனியர் மீனா பெரிய டாக்டரிடம், "சார், சாப்பிட்டுட்டு வந்துடறேன்" என்றாள். அவர் என்னைக் காட்டி, "உங்க அக்கா நிக்கலையா?" என்றார். மீனாவும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் என் காலடியில் மயங்கி விழுந்தாள்.

அவர் மேல் வந்த கோபத்தில் எழுதியதுதான் அந்த ராஜினாமாக் கடிதம். சித்தி சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் தியேட்டரில் தேத்தண்ணிக்கும் நிற்காமல் கொழுந்து எடுத்தவள் நான்தானே அம்மா? அவரும் படிக்கிற காலத்தில் யாரைப் பார்த்து இப்படி நின்றாரோ?

கடிதம் பையிலேயே இருக்கட்டும். டூட்டிப் பட்டியலில் சாப்பாட்டு நேரத்தையும் எழுதச் சொல்லித் திங்கட்கிழமை கேட்கப் போகிறேன். திட்டுவார். மற்றவர்கள் என் பக்கம் நிற்பார்களா, தெரியவில்லை. ஆனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அன்று மீனா கையில் ஒரு டீயைக் கொடுத்துவிட்டு, எல்லோரும் பார்க்க நானும் அவள் பக்கத்தில் உட்காருவேன்.

சித்தியோடு உட்கார்ந்து உன் பங்குத் தேத்தண்ணியைக் குடித்த,
உன் மகள் கௌரி