எழுபத்தேழை இரண்டு தரம் எண்ணியது

வியாழன் இரவு, றக்வான

ஒன்றிலிருந்து ஆயிரம் வரை, ஏழு என்ற இலக்கம் உள்ள எண்கள் எத்தனை? தரம் பத்து வகுப்புக்கு நான் கொடுத்த கணக்கு. என் விடை முந்நூறு. சரோஜினி 271 என்று எழுதியிருந்தாள், பிழை போட்டு இரண்டு புள்ளி குறைத்தேன். இன்று வகுப்பில் எழுந்து, "எழுபத்தேழ ரெண்டு தரம் எண்ணிட்டீங்க மிஸ்" என்றாள். எல்லோர் முன்னாலும் "பேசாம உக்காரு" என்று அதட்டிவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போதும் அது மனதை விடவில்லை. வீட்டுக்கு வந்து கம்பியூட்டரைத் திறந்தேன். எண்களை வரிசையாக, மொத்தமாகக் கையாளும் புரோகிராமிங் மொழி ஒன்றை ஆசைக்குப் பழகி வருகிறேன். ஆயிரம் எண்களையும் இலக்கங்களாகப் பிரித்து, ஏழு உள்ளவற்றை மட்டும் எண்ணச் சொல்லி அதில் ஒரே வரி எழுதினேன். 271 என்று வந்தது.

அந்த இரண்டு புள்ளி குறைந்ததால்தான் கணிதப் போட்டிக்கு அவளை நான் தெரிவு செய்யவில்லை. அவள் பெயரைச் சேர்க்க முடியுமா என்று பாடசாலை அதிபருக்குப் போன் எடுத்தேன்.

"பேரெல்லாம் மத்தியானமே அனுப்பியாச்சு டீச்சர். அடுத்த வருசம் பாப்போம்ங்க."

அடுத்த வருடம் அவளுக்கு சாதாரண தரப் பரீட்சை. போட்டிக்கெல்லாம் விடமாட்டார்கள்.

நாளை முதல் பாடமே அவள் வகுப்பில்தான். பிழை என்னுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவேன். "அப்ப போட்டி மிஸ்?" என்று அவள் கேட்டால் என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.